நிரலுக்குள் எழுதிய கடவுச்சொல்: எப்படி வெளியே வருகிறது, எந்த வரிசையில் அகற்றுவது

நிரலுக்குள் கடவுச்சொல் எழுதுவது பற்றிப் பேசும்போது மூன்று கேள்விகள் வருகின்றன. டேட்டாபேஸ் கடவுச்சொல்லை நிரலிலேயே எழுதிவிட்டால், கம்பைல் ஆன பிறகு யாருக்குத் தெரியப் போகிறது? அப்படியே தெரியும் என்றாலும் என்கிரிப்ட் செய்து வைத்தால் போதாதா? ஏற்கெனவே எழுதி, கமிட் செய்து (நிரலின் வரலாற்றில் பதிந்து), வாடிக்கையாளரிடம் நிறுவியும் ஆகிவிட்டது என்றால் எங்கிருந்து தொடங்குவது? முதலாவதுக்குப் பதில்: சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இரண்டாவதுக்கு: போதாது. மூன்றாவதுக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹார்டுகோட் செய்த, அதாவது நிரலுக்குள்ளேயே நிலையாக எழுதிய கடவுச்சொல்லைப் பலரும் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு நோய்கள். யாராலும் ஊகிக்க முடியாத 40 எழுத்துக் கடவுச்சொல்லை நிரலில் எழுதினாலும் பயனில்லை. நிரல் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் அதுவும் கூடவே போகிறது. ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்தவருக்கு எல்லா நிறுவல்களும் திறந்துவிடும். இன்னொன்று இதைவிட மோசம்: கசிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், அந்த நிரலைப் பயன்படுத்துபவரால் அதை மாற்ற முடியாது. புதிய வெளியீடு வர வேண்டும், சோதிக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் நிறுவ வேண்டும். ஆகவே எந்த நிரலைப் பார்த்தாலும் இதைக் கேளுங்கள்: இந்தக் கடவுச்சொல் இன்றிரவு வெளியானால், நிரலில் ஒரு வரிகூடத் திருத்தாமல் நாளைக் காலைக்குள் மாற்ற முடியுமா? முடியாது என்றால், அது எந்த ஃபைலில் இருந்தாலும் ஹார்டுகோட் செய்ததுதான்.

பாதுகாப்புக் குறைகளை வகைப்படுத்தும் சிடபிள்யூஇ பட்டியலில் இதற்கு எண் 798. கடவுச்சொல் மட்டும் என்றால் 259, என்கிரிப்ஷன் சாவி என்றால் 321. ஒரு மென்பொருளையோ கருவியையோ வாங்கும் முன், அந்த நிறுவனத்தின் பழைய பாதுகாப்பு அறிவிப்புகளில் இந்த மூன்று எண்களைத் தேடிப் பாருங்கள். 798 திரும்பத் திரும்ப வந்தால், அங்கே வேலை நடக்கும் முறையே அதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கம்பைல் செய்தால் மறைந்துவிடுமா?

சி மொழியில் எழுதிய நிரலில் மேற்கோள் குறிக்குள் எதை எழுதினாலும், கம்பைலர் அதைப் படிக்க மட்டுமான தரவுப் பகுதியில் எழுத்து மாறாமல் அப்படியே வைக்கிறது. லினக்ஸில் ஸ்ட்ரிங்ஸ் என்றொரு கட்டளை உண்டு. எந்த பைனரி ஃபைலைக் கொடுத்தாலும், அதில் தொடர்ச்சியாக நான்கு அல்லது அதற்கு மேல் அச்சிடத்தக்க எழுத்துகள் வரும் இடங்களையெல்லாம் வரிவரியாகக் கொட்டும். ஆயிரக்கணக்கான வரிகள் வரலாம். தேடுபவர் அத்தனையையும் படிப்பதில்லை. டேட்டாபேஸ் இணைப்பு முகவரிகளில் முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் சேர்ந்து வரும். அதை மட்டும் கிரெப் கட்டளையால் தேடினால் பயனர்பெயர், கடவுச்சொல், அட் குறி, சர்வர் பெயர், போர்ட் எண் என்று எல்லாம் ஒரே வரியில் வரிசையாக நிற்கும். எந்தக் கடவுச்சொல் எந்தச் சர்வருக்கு என்று ஊகிக்கும் வேலைகூட மிச்சமில்லை.

டாட்நெட் நிரல்களில் சரங்கள் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட் வீதம் யுடிஎஃப்-16 வடிவில் இருக்கும். அதனால் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை வெறுமனே ஓட்டினால் அவை தெரியாது. 'ஒன்றும் வரவில்லையே, பாதுகாப்பாகத்தான் இருக்கிறது' என்று சிலர் நிம்மதி அடைவது இங்கேதான். எழுத்து வடிவத்தைக் குறிக்கும் விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் எல்லாம் வரும். கோ மொழி நிரல்களில் சரங்களுக்கு நடுவே பிரிப்பு இல்லாததால் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட பாளமாக வரும். படிக்கச் சிரமம், தேடச் சிரமமில்லை. ஆண்ட்ராய்டு செயலியை ஜாடெக்ஸ் போன்ற கருவியில் போட்டால் ஏறக்குறைய மூல ஜாவா நிரலே திரும்பக் கிடைக்கும். புரோகார்டு, ஆர்8 ஆகியவை வகுப்புப் பெயர்களையும் செயற்கூற்றுப் பெயர்களையும்தான் மாற்றிப் போடும். மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் தொடுவதில்லை.

பிரவுசரில் ஓடும் நிரலில் நடக்கும் குழப்பம் வேறு மாதிரி. வீட், நெக்ஸ்ட் போன்ற கட்டமைப்புகளில் சூழல் மாறிகளுக்குக் குறிப்பிட்ட முன்னொட்டு கொடுத்தால், பில்டு நேரத்தில் அந்த மாறியின் மதிப்பு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள் எழுதப்பட்டுவிடும். நிரலாளர் 'நான் நிரலில் எழுதவில்லை, என்வ் ஃபைலில்தான் வைத்திருக்கிறேன்' என்று நம்பிக்கொண்டிருப்பார். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் அந்தச் சாவி போய்க்கொண்டிருக்கும். பில்டு முடிந்ததும் டிஸ்ட் போன்ற வெளியீட்டு ஃபோல்டருக்குள் உங்கள் சாவியின் முதல் ஆறு எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். ஒரே கட்டளையில் உண்மை தெரிந்துவிடும்.

ரவுட்டர், கேமரா போன்ற கருவிகளுக்கு, உள்ளே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் ஃபைல் பெரும்பாலும் தயாரிப்பாளரின் தளத்திலேயே கிடைக்கும். பின்வாக் கருவி அதற்குள்ளிருக்கும் ஃபைல் சிஸ்டத்தைப் பிரித்துக் கொடுக்கும். பிறகு ஈடிசி ஃபோல்டரில் ஷேடோ ஃபைலைத் திறந்தால் ரூட் என்ற தலைமைக் கணக்கின் ஹாஷ் (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட, நேரடியாகத் திருப்ப முடியாத குறி) இருக்கும். 'ஹாஷ்தானே, கடவுச்சொல் இல்லையே' என்று கேட்கலாம். எல்லாக் கருவிக்கும் ஒரே ஹாஷ் என்றால், ஒருவர் ஒருமுறை உடைத்தால் போதும். அதுவும் டெஸ் என்ற பழைய என்கிரிப்ஷன் அடிப்படையிலான கிரிப்ட் முறை என்றால், கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். 20 எழுத்து வைத்தாலும் 8 எழுத்துக்கான பலம்தான்.

என்கிரிப்ட் செய்து வைத்தால்?

பேஸ்64 என்கிரிப்ஷனே இல்லை, வேறு எழுத்தில் எழுதுவது மட்டுமே. எக்ஸ்ஓஆர் செய்வதும் அதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். ஏஇஎஸ்-256 என்ற வலுவான என்கிரிப்ஷனைப் பயன்படுத்தினால்? அதைப் பிரிக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிரல் யாருடைய உதவியும் இல்லாமல் தானாகத் தொடங்கி, தானாகக் கடவுச்சொல்லைப் பிரித்துக்கொள்கிறது என்றால் சாவியும் அதே பொட்டலத்தில்தான் இருக்கிறது. பூட்டிய பெட்டியின் மேலேயே சாவியை ஒட்டிக் கொடுப்பதுதான் இது.

இதற்கு மைக்ரோசாஃப்ட்டின் குரூப் பாலிசி பிரிஃபரன்ஸ் வசதியைவிட நல்ல சான்று கிடையாது. நிர்வாகி ஒருவர் எல்லாக் கணினிகளிலும் லோக்கல் அட்மின் கடவுச்சொல்லை ஒரே இடத்திலிருந்து அமைக்கலாம்; அது 'சிபாஸ்வேர்டு' என்ற புலத்தில் ஏஇஎஸ் முறையில் என்கிரிப்ட் ஆகி எக்ஸ்எம்எல் ஃபைலில் அமரும். ஆனால் உலகம் முழுவதும் எல்லா நிறுவல்களுக்கும் சாவி ஒன்றே. அந்தச் சாவியை மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத் தளத்தில் வெளியிட்டிருந்தது. ஃபைல் இருந்த சிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரை டொமைனின் (நிறுவனத்தின் விண்டோஸ் வலையின்) எந்தச் சாதாரணப் பயனரும் படிக்கலாம். 2014 மே மாதம் எம்எஸ்14-025 என்ற திருத்தம் வந்தது. அது புதிதாகக் கடவுச்சொல் அமைக்கும் வசதியை நிறுத்தியதே தவிர, ஏற்கெனவே கிடந்த எக்ஸ்எம்எல் ஃபைல்களை அழிக்கவில்லை; நிர்வாகிகள்தான் தேடி அழிக்க வேண்டியிருந்தது. பழைய டொமைன் ஒன்றைச் சோதிப்பவர்கள் முதலில் தேடிப் பார்க்கும் இடங்களில் இது இன்னும் இருக்கிறது.

சாவியை எவ்வளவு சாமர்த்தியமாகத் துண்டு துண்டாக ஒளித்தாலும், இணைப்பு ஏற்படும் நொடியில் கடவுச்சொல் நினைவகத்தில் முழுதாக இருந்தே ஆக வேண்டும். டீபக்கரை (ஓடும் நிரலை இடையில் நிறுத்திப் பார்க்கும் கருவியை) அந்தச் செயற்கூற்றில் நிறுத்தினால் போதும். எச்டிடிபி வழியாகப் போகிறது என்றால் நடுவில் ஒரு பிராக்ஸி. ஒளிப்பது தாக்குபவரின் நேரத்தைச் சில மணிகள் கூட்டும். பயன் அவ்வளவுதான்.

உள்ளே வருவதும் வெளியே போவதும்

சரிசெய்யும் வழி, கடவுச்சொல் எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. நிரல் தன்னிடம் வருபவரைச் சோதிக்கத் தனக்குள் நிரந்தரமாக வைத்திருக்கும் கடவுச்சொல் ஒரு வகை. நிரல் வேறொரு சர்வரிடம் போகும்போது காட்டுவதற்காக வைத்திருப்பது இன்னொரு வகை. முதலாவதை அடியோடு நீக்க வேண்டும். இரண்டாவதை நிரலுக்கு வெளியே நகர்த்த வேண்டும். முதல் வகையைக் கான்ஃபிக் ஃபைலுக்கு நகர்த்தி 'சரிசெய்துவிட்டோம்' என்பவர்கள் உண்டு. எல்லா வாடிக்கையாளருக்கும் அதே மதிப்போடு அந்த ஃபைல் போனால் எதுவும் மாறவில்லை.

முதல் வகைக்குப் பழைய உதாரணம் போர்லண்டின் இன்டர்பேஸ் டேட்டாபேஸ். 'பொலிட்டிகலி' என்ற பயனர்பெயர், 'கரெக்ட்' என்ற கடவுச்சொல். 1994-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்தே உள்ளே இருந்தது. 2000-இல் மூலநிரல் திறந்த நிரலாக வெளியிடப்பட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. 2001 ஜனவரியில் கணினிப் பாதுகாப்பு அவசரக் குழுவான செர்ட்டின் அறிவிப்பு வந்தது. ஆறு ஆண்டுக்கு மேல், அந்த டேட்டாபேஸ் ஓடிய எல்லா இடங்களிலும் ஒரே கள்ளச்சாவி.

ஜூனிப்பர் விவகாரம் வேறு ரகம். 2015 டிசம்பரில் அந்த நெட்வொர்க் கருவி நிறுவனம் தன் ஃபயர்வால்களில் ஓடும் ஸ்கிரீன்ஓஎஸ் மென்பொருளில் அனுமதியில்லாத நிரல் புகுந்திருப்பதாக அறிவித்தது. அதில் ஒன்று, தொலைவிலிருந்து உள்நுழையும் வழிகளான எஸ்எஸ்எச் மற்றும் டெல்நெட்டில் சரிபார்ப்பைத் தாண்டி உள்ளே விடும் ஒரு கடவுச்சொல். விழுக்காட்டுக் குறிகளும் அடைப்புகளுமாக, டீபக் லாக் அச்சிடும் வார்ப்புரு போலவே அது அமைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் அதே போன்ற சரங்கள் நிறைய இருந்ததால், படிப்பவரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். நிரல் மதிப்பாய்வில் 'கடவுச்சொல்லைப் போல இருக்கிறதா' என்று மட்டும் பார்த்தால் இதைப் பிடித்திருக்க முடியாது. ஒப்பீடு நடக்கும் இடங்களைப் பார்க்க வேண்டும்: பயனர் கொடுத்த உள்ளீட்டை நிரலில் எழுதிய நிலையான சரத்தோடு ஒப்பிடும் ஸ்டிரிங் கம்பேர் அழைப்பு உள்நுழைவுப் பகுதியில் ஏன் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கெட்ட எண்ணம் இல்லாமலும் இது நடக்கும். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. சைக்செல் ஃபயர்வால்களின் 4.60 ஃபர்ம்வேரில், அக்சஸ் பாயின்ட்டுகளுக்கு எஃப்டிபி வழியாகத் தானியங்கிப் புதுப்பிப்பு அனுப்புவதற்கென்று ஒரு கணக்கு சேர்க்கப்பட்டது. அமைப்புத் திரையில் அது தெரியாது, கடவுச்சொல்லை மாற்ற முடியாது, ஆனால் நிர்வாகி உரிமை முழுதாக உண்டு. கடவுச்சொல் ஃபர்ம்வேருக்குள் வெற்று எழுத்தாகவே கிடந்தது. 2020 டிசம்பரில் வெளியே தெரிந்தது. எஃப்டிபியில் ஒரு ஃபைல் எடுக்கத் தேவையான கணக்குக்கு முழு நிர்வாகி உரிமை எதற்கு என்று யாரும் கேட்காததுதான் உண்மையான பிழை.

அட்லாசியனின் 'குவெஸ்சன்ஸ் ஃபார் கான்ஃப்ளுயன்ஸ்' செருகுநிரலில் 2022 ஜூலையில் வெளிப்பட்டதும் இதே வகைதான். நிறுவினால் அது ஒரு பயனர் கணக்கைத் தானாக உருவாக்கும், கடவுச்சொல் நிலையானது. திருத்தம் அறிவித்த கையோடு கடவுச்சொல் ட்விட்டரில் வெளியானது. இதில் கவனிக்க வேண்டியது: செருகுநிரலை நீக்கினாலும் கணக்கு நீங்காது. நிரல் போனாலும் அது விட்டுச் சென்ற கணக்கு டேட்டாபேஸில் இருந்துகொண்டே இருக்கும். நீங்கள் எதையாவது நீக்கும்போதும் பயனர் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

மிராய் பாட்நெட் (கைப்பற்றிய கருவிகளாலான தாக்குதல் வலை) 2016-இல் பரவியது 60-க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை டெல்நெட்டில் முயன்று பார்த்துத்தான். அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டின் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையை (தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தருவது) தாக்கிப் பெரிய தளங்கள் பலவற்றை முடக்கியதும் அதுதான். அதில் சிக்கிய கருவிகள் சிலவற்றின் உரிமையாளர்கள் கடவுச்சொல்லை மாற்றாமல் இருந்தவர்கள் அல்ல. வெப் திரையில் மாற்றினார்கள். டெல்நெட்டுக்கான கடவுச்சொல் ஃபர்ம்வேரில் தனியாக எழுதப்பட்டிருந்தது, அதை மாற்ற வழியே இல்லை.

நாளைக் காலைக்குள் மாற்ற முடியுமா என்ற கேள்வி உச்சத்துக்குப் போனது சீமென்ஸ் வின்சிசி விஷயத்தில். தொழிற்சாலைகளின் கட்டுப்பாட்டு மென்பொருளான அதன் டேட்டாபேஸ் கடவுச்சொல் ஹார்டுகோட் செய்யப்பட்டது. 2008-இலேயே இணையத்தில் வெளியானது. 2010-இல் ஸ்டக்ஸ்நெட் என்ற தீங்கு நிரல் அதைப் பயன்படுத்தியபோது, கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம் என்றே சீமென்ஸ் வாடிக்கையாளர்களுக்கு அறிவுறுத்தியது. மாற்றினால் மென்பொருளின் மற்ற பகுதிகள் டேட்டாபேஸோடு பேச முடியாமல் ஆலையின் இயக்கமே பாதிக்கப்படலாம்.

வெளியே போகும் வகைக்கு இரண்டு போதும். 2016-இல் ஊபரின் தனிப்பட்ட கிட்ஹப் ரெப்போவுக்குள் (நிரல் சேமிப்பகத்துக்குள்) நுழைந்தவர்கள் அங்கே அமேசான் கிளவுட் சாவியைக் கண்டெடுத்தார்கள், 5.7 கோடிப் பயணிகள், ஓட்டுநர்களின் தகவல் போனது. ரெப்போ தனிப்பட்டது என்பது பாதுகாப்பு ஆகாது. டொயோட்டாவின் டி-கனெக்ட் சேவையில் மூலநிரலின் ஒரு பகுதி 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை பொதுவில் கிடந்தது. அதிலிருந்த சாவியால் 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளை எடுக்கக்கூடிய நிலை. அத்தனை காலத்தில் அந்தச் சாவி ஒருமுறைகூட மாற்றப்படவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வழக்கமாக மாற்றிக்கொண்டிருந்திருந்தால், கசிந்தது செத்த சாவியாக இருந்திருக்கும்.

ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றால்

முதல் வேலை சாவியை மாற்றுவது. பெரும்பாலானோர் முதலில் கிட் வரலாற்றை (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைப்பது) சுத்தம் செய்ய ஓடுகிறார்கள். அது கடைசி வேலை. அடுத்த கமிட்டில் வரியை அழித்தாலும் முந்தைய கமிட்டில் இருக்கும். வரலாற்றையே திருத்தி எழுதினாலும் சக ஊழியர்களின் கணினிகளிலும், ஃபோர்க்குகளிலும் (மற்றவர்கள் எடுத்த நகல் ரெப்போக்களிலும்), பில்டு சர்வரின் தற்காலிக நினைவிலும் பழைய பிரதி இருக்கும். கிட்ஹப்பில் பழைய கமிட்டின் ஹாஷ் தெரிந்தால் நேரடியாகத் திறக்கவும் முடியலாம். பொது ரெப்போக்களைத் தானியங்கி நிரல்கள் இடைவிடாமல் மேய்ந்துகொண்டிருக்கின்றன. ஒருமுறை பொதுவில் போனால் கசிந்ததாகவே கொள்ளுங்கள்.

மாற்றும் முன் அந்தச் சாவியை யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும். நிரலைப் படித்துக் கண்டுபிடிப்பதைவிட மறுமுனையின் லாகில் பார்ப்பது நம்பகமானது: டேட்டாபேஸில் அந்தப் பயனர்பெயரில் எந்த ஐபி முகவரிகளிலிருந்து இணைப்பு வருகிறது, கிளவுடில் அந்தச் சாவி கடைசியாக எந்தச் சேவைக்குப் பயன்பட்டது. இரவு பேக்கப், மாதக் கடைசி அறிக்கை, ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் கணக்கு முடிப்பு. மாற்றும்போது உடைவது இவைதான், முதன்மைச் செயலி அல்ல. ஒரு வார லாகைப் பார்த்துவிட்டு 'யாரும் பயன்படுத்தவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

சேவை நிற்காமல் மாற்ற வேண்டும் என்றால் கொஞ்ச நேரம் பழையதும் புதியதும் சேர்ந்து செல்லுபடியாக வேண்டும். அமேசானில் ஒரு பயனருக்கு ஒரே சமயத்தில் இரண்டு அணுகல் சாவிகள் வைக்க முடிவது இதற்கு வசதி. மைஎஸ்கியூஎல் 8.0.14 முதல் ஒரு கணக்குக்கு இரண்டு கடவுச்சொற்களை ஏற்கிறது. மாற்றும் கட்டளையில் பழையதையும் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸில் இந்த வசதி இல்லை. அங்கே அட்டவணைகளின் உரிமை ஒரு பொது ரோலிடம் இருக்கட்டும், அதன் கீழ் இரண்டு உள்நுழைவு ரோல்களை உருவாக்கி மாறி மாறிப் பயன்படுத்துங்கள். புதியதை எல்லா இடத்திலும் நிறுவிய பிறகு, பழையது பயன்படுகிறதா என்று பார்த்து, முதலில் முடக்குங்கள். அழிப்பது பிறகு. முடக்கியதை ஒரு நொடியில் திரும்ப இயக்கலாம், அழித்ததை முடியாது.

இதெல்லாம் சாவி வெளியே போனதற்கான அறிகுறி இல்லாதபோது. பொது ரெப்போவில் இருந்திருக்கிறது, நிர்வாகி உரிமை உள்ள சாவி என்றால் இந்த நிதானம் வேண்டாம். உடனே முடக்குங்கள், சேவை ஒரு மணி நேரம் நின்றாலும் நிற்கட்டும். கையோடு அந்தச் சாவியைக் கொண்டு புதிய பயனர்களோ புதிய சாவிகளோ உருவாக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே வந்தவர் முதலில் செய்வது தனக்கென ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொள்வதுதான். பழைய சாவியை மட்டும் மாற்றினால் அவர் வெளியே போக மாட்டார். லாகை நீங்கள் கண்டுபிடித்த நாளிலிருந்து பார்த்தால் போதாது, சாவி முதன்முதலில் கமிட் ஆன நாளிலிருந்து பார்க்க வேண்டும். அந்த நாளைக் கண்டுபிடிக்க, கிட் லாக் கட்டளையில் பெரிய எஸ் விருப்பத்தைக் கொடுத்துச் சாவியின் ஒரு பகுதியைத் தேடினால், அது சேர்க்கப்பட்ட கமிட்டும் நீக்கப்பட்ட கமிட்டும் வரும். பிறகு வேண்டுமானால் ஃபில்டர்-ரெப்போ கருவியால் வரலாற்றைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

வெளியே எடுத்து எங்கே வைப்பது

சிறந்த வழி, கடவுச்சொல்லே தேவைப்படாதபடி செய்வது. செயலியும் போஸ்ட்கிரெஸும் ஒரே கணினியில் என்றால் யுனிக்ஸ் சாக்கெட் வழியாகப் 'பியர்' முறையில் இணையலாம். எந்தப் பயனராக ஓடுகிறது என்பதை இயங்குதளமே சான்று சொல்லும். கிளவுடில் சர்வருக்கு ரோல் கொடுத்தால், சில மணி நேரமே செல்லும் தற்காலிகச் சாவிகள் தாமாக வந்து தாமாக மாறும். பில்டு சர்வரிலிருந்து கிளவுடுக்கு ஓஐடிசி (குறுகிய ஆயுள் டோக்கனால் அடையாளம் காட்டும் முறை) வழியாகப் போனால் அங்கும் நிரந்தரச் சாவி வேண்டாம்.

அது முடியாத இடத்தில் வால்ட் போன்ற ரகசியக் கிடங்கு. அதிலும் டேட்டாபேஸுக்கு ஒவ்வொரு முறையும் குறுகிய ஆயுள் உள்ள புதுக் கணக்கை உருவாக்கித் தரும் வசதியைப் பயன்படுத்தினால்தான் முழுப் பயன். வால்ட்டைத் திறக்கும் டோக்கனை நிரலில் எழுதினால், ஹார்டுகோட் ஒரு படி தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவே. 2022-இல் ஊபரில் நுழைந்தவர் வெளியிட்ட தகவலின்படி, உள்வலையில் கிடந்த ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்டில் ரகசியக் கிடங்கின் நிர்வாகிக் கடவுச்சொல்லே எழுதப்பட்டிருந்தது.

சின்ன அமைப்புக்கு இவ்வளவு வேண்டாம். ரெப்போவுக்கு வெளியே ஒரு ஃபைல், 0600 அனுமதி, செயலி ஓடும் பயனருக்கு மட்டும் உரிமை. லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் லோடுகிரெடென்ஷியல் வசதி இதையே இன்னும் ஒழுங்காகச் செய்யும். நிறைய இடங்களில் இது போதும், வால்ட்டைப் பராமரிக்க ஆளில்லாத இடத்தில் வால்ட் வைப்பதைவிட நல்லது. சூழல் மாறிகள் எல்லோரும் சொல்வது போல அவ்வளவு பத்திரமானவை அல்ல. துணைச் செயல்கள் எல்லாவற்றுக்கும் பரம்பரையாகப் போகும், டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையில் வெளிப்படையாகத் தெரியும், பிழைப் பக்கங்களும் கிராஷ் அறிக்கைகளும் அவற்றை மொத்தமாக அச்சிட்டுவிடும். நிரலில் எழுதுவதைவிட மேல், ஃபைலைவிடக் கொஞ்சம் கீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியைப் பொட்டலமாகக் கட்டும் டாக்கரில் அடிக்கடி நடப்பது: ஒரு படியில் சாவி ஃபைலை காப்பி செய்து, அடுத்த படியில் அழிப்பது. ஒவ்வொரு படியும் தனி அடுக்கு என்பதால் முந்தைய அடுக்கில் ஃபைல் முழுதாக இருக்கும். ஆர்க் என்ற பில்டு மாறி மூலம் கொடுத்தாலும் டாக்கர் ஹிஸ்டரியில் தெரியக்கூடும். பில்டுகிட்டின் சீக்ரெட் மவுன்ட் வசதி அடுக்கில் தடம் விடாது. குபெர்னெட்டிஸ் சீக்ரெட் என்பது இயல்புநிலையில் பேஸ்64 மட்டுமே. அந்த யாமல் ஃபைலை ரெப்போவில் போட்டால் கடவுச்சொல்லையே போட்டதாக அர்த்தம்.

கைபேசிச் செயலிக்குள் வைக்கப் பத்திரமான இடம் எதுவும் இல்லை. மூன்றாம் தரப்பு ஏபிஐயை அழைக்க வேண்டும் என்றால் நடுவில் உங்கள் சர்வர் ஒன்று இருக்கட்டும். செயலி பயனரின் உள்நுழைவோடு உங்கள் சர்வரிடம் வரும், சாவி சர்வரைத் தாண்டாது. வரைபடச் சாவி போலச் செயலியில் இருந்தே ஆக வேண்டியவற்றுக்கு, செயலியின் கையொப்பத்தோடு கட்டுப்படுத்தி, நாளொன்றுக்கு வரம்பும் வையுங்கள்.

கருவி தயாரிப்பவர்கள் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல்லைத் தொழிற்சாலையில் உண்மையான ரேண்டம் எண்ணிலிருந்து உருவாக்கி லேபிளில் அச்சிட வேண்டும், அல்லது முதல் இயக்கத்தில் பயனரையே அமைக்கச் சொல்ல வேண்டும். சீரியல் எண்ணிலிருந்தோ மேக் முகவரியிலிருந்தோ கணக்கிட்டு எடுப்பது தனிக் கடவுச்சொல் ஆகாது. ஸ்பீட்டச் ரவுட்டர்களில் வைஃபை பெயரின் கடைசிப் பகுதியும் இயல்புக் கடவுச்சொல்லும் ஒரே சீரியல் எண்ணின் ஷா-1 ஹாஷிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. 2008-இல் அந்த முறை வெளியானதும், பெயரைப் பார்த்தே கடவுச்சொல்லைக் கணக்கிட முடிந்தது. எல்லாக் கருவிக்கும் பொதுவான இயல்புக் கடவுச்சொல்லைக் கலிஃபோர்னியா 2020 ஜனவரி 1 முதலும், பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதலும் சட்டப்படி தடுக்கின்றன.

தேடிப் பிடிப்பது

ரெப்போவில் கிடக்கும் சாவிகளைத் தேடும் கருவிகளான கிட்லீக்ஸ், ட்ரஃபிள்ஹாக் இரண்டில் ஒன்றை முழு வரலாற்றின் மீதும் ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சோதனையான ஹூக்கிலும் பில்டிலும் சேருங்கள். ட்ரஃபிள்ஹாக் கண்டெடுத்த சாவி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அந்தந்தச் சேவையிடமே கேட்டுச் சொல்லும், நூற்றுக்கணக்கான முடிவுகளில் எதை முதலில் தொடுவது என்று அதனால் தெரியும். ஹூக்கை நிரலாளர் ஒரு விருப்பத்தால் தாண்டிவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கிட்ஹப்பின் புஷ் பாதுகாப்பு சர்வர் பக்கத்திலேயே தடுக்கும்.

இந்தக் கருவிகள் நன்றாகப் பிடிப்பது குறிப்பிட்ட முன்னொட்டும் நீளமும் உள்ள சாவிகளை. அமேசானின் 20 எழுத்து அணுகல் எண் போன்றவை தப்பாது. மனிதர் வைத்த சாதாரணச் சொல்லும் ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லைத் தவறவிடும், ஏனென்றால் அதில் குழப்பமான எழுத்துக் கோவையே இல்லை. அதற்குக் கையால் தேட வேண்டும்: பாஸ்வேர்டு, பாஸ்வேர்டின் சுருக்கங்கள், சீக்ரெட், டோக்கன், கனெக்ஷன் என்ற பெயருள்ள மாறிகளுக்குச் சரம் ஒதுக்கும் வரிகள். டெஸ்ட் ஃபோல்டர், ஜூபிடர் நோட்புக், போஸ்ட்மேன் தொகுப்பு, பழைய ஷெல் ஸ்கிரிப்ட், கமென்ட் ஆக்கி விட்ட வரிகள் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். 'டெஸ்ட்டுக்கு மட்டும்' என்று எழுதிய கடவுச்சொல் உண்மைச் சர்வரிலும் வேலை செய்கிறதா என்று ஒருமுறை முயன்று பாருங்கள். வேலை செய்வது அபூர்வமல்ல.

நீங்கள் எழுதாத, வாங்கி வைத்த கருவியில் இப்படி ஒன்று இருப்பதாக அறிவிப்பு வந்தால் உங்கள் கையில் இருப்பது குறைவு. ஃபர்ம்வேர் திருத்தம் வரும் வரை அதன் நிர்வாகப் பக்கம், எஸ்எஸ்எச், டெல்நெட் ஆகியவை இணையத்திலிருந்து எட்டாதபடி ஃபயர்வாலில் அடையுங்கள். நிர்வாகத்துக்கென்று தனி விலேன் (பிரித்து வைத்த உள்வலை) ஒதுக்கி, அதற்குள் எந்தக் கணினி வரலாம் என்று பெயர் குறித்து அனுமதியுங்கள். வெளியிலிருந்து போர்ட் ஸ்கேன் செய்து உண்மையிலேயே அடைந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். திருத்தம் நிறுவிய பிறகு அந்தப் பழைய கடவுச்சொல்லை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். உள்நுழைய முடிந்தால், தயாரிப்பாளருக்கு மீண்டும் எழுத வேண்டியதுதான்.